ஜீப் வராத மாலை

மாலை நாலே முக்காலுக்கு ஜீப் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குந்தா மலைப்பக்கம் எங்கள் குடியிருப்பிலிருந்து ஆறு பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்குப் போய்வருகிறார்கள். என் மகள் இரண்டாம் வகுப்பு. டிரைவரின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. பள்ளியில் கேட்டேன், எல்லாரும் ஏறிப் போயாச்சு என்றார்கள். வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி.

பள்ளி திறந்தபோது பெற்றோர்கள் சேர்ந்து டிரைவரோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டிருந்தோம். வாசகம் என்னுடையது. சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. அதை எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு கேள்வி குடைந்தது. இது இப்போது முறிந்துவிட்டதா? எந்த நிமிடத்தில் முறிந்தது?

பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமே கேட்டேன்.

"மீறினது மீறினதுதானுங்க டீச்சர். ஆனா உங்களுக்கு என்ன நஷ்டம்னு கோர்ட்டுல கேப்பாங்க."

"புள்ள இன்னும் வரலீங்களே."

"வந்துட்டா நஷ்டமில்லீங்க. வரலைன்னா, இந்தத் தாளை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்கும். டார்ச் எடுக்க உள்ளே போய்விட்டார்.

அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொதிப்பு. நாளையிலிருந்து வேறு வண்டி பேசியாச்சு என்று ஒரு பையனின் அப்பா எழுதினார். யார் விலகுவதானாலும் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று என் கையிலிருந்த தாளில் இருந்தது. அதைப் பிடித்தபடியே, அவர் எழுதியதற்கு நானும் கட்டைவிரல் இமோஜி போட்டேன். டிரைவரும் அதே குழுவில் இருப்பது யாருக்கும் நினைவில்லை.

இருட்டத் தொடங்கியபோது பனிக்குள் இரண்டு விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. மகள்தான் முதலில் இறங்கினாள்.

"அம்மா, ரோட்டுல காட்டுமாடு. கன்னுக்குட்டி படுத்துருச்சு. அது எந்திரிக்கிற வரைக்கும் நாங்க யாருமே பேசலை."

அவளை இறுகப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"குரூப்பைப் பாத்தேனுங்க டீச்சர். காலைல நான் வரணுங்களா, வேண்டாங்களா? அதை மட்டும் இப்பவே சொல்லிருங்க. டீசல் போடணும்."