நஜ்மா மேடம் வரலையா?

1. முதுநகரில் முதல் கேள்வி

கடலூர் முதுநகரில் ஒரு கூட்டம். மேடையில் ஏறி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள் சங்கத் தலைவி கஸ்தூரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டாள்: "இன்னாம்மா, நஜ்மா மேடம் வரலையா?"

என் வயிறு பற்றி எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது?

நான் கடலூரில் ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கூடவே மேடை மொழிபெயர்ப்பும் செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து பேசினால், பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லும் வேலை. நஜ்மா பரங்கிப்பேட்டைக்காரி. சிதம்பரத்தில் என்னோடு எம்.ஏ. படித்தவள். அவளும் இதே வேலைதான் செய்கிறாள், என்னைவிட நன்றாக. இதை எழுத எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் மீதி எதுவும் உங்களுக்குப் புரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவங்க என்ன சொல்றாங்கன்னா' என்று ஆரம்பித்தால் கூட்டத்துக்கும் பேச்சாளருக்கும் நடுவில் நாம் சுவர் மாதிரி நிற்போம். எனக்கு இது தெரியும். இருந்தும் சங்கடமான வாக்கியம் வந்தால் 'அவங்க' என்று நழுவிவிடுவேன். நஜ்மா நழுவ மாட்டாள்.

கூட்டத்தை ஏற்பாடு செய்த செல்வம் அன்று காலையிலேயே சொல்லியிருந்தார். "மேடம், ஊராட்சிப் பெண் தலைவிகளுக்கு ரெண்டு வருஷ ட்ரெய்னிங் ஆரம்பிக்கப் போறோம். ட்ரெய்னர்லாம் வெளிநாட்டுக்காரங்க. ட்ரான்ஸ்லேட்டர் ஒருத்தர்தான். இன்னிக்கு கடலூர்ல நீங்க, நாளைக்கு சிதம்பரத்துல நஜ்மா மேடம். ரெண்டு பேரையும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

எனக்கு அந்த வேலை வேண்டும். ரிட்டையர் ஆனதிலிருந்து வீட்டில் என் குரலைக் கேட்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அதைவிட முக்கியமாக, அந்த வேலை நஜ்மாவுக்குப் போகக் கூடாது.

2. மந்திரியும் வார்டு மெம்பரும்

அன்று பேச வந்திருந்தவர் மாரித் என்ற அம்மாள். கூட்டத்தில் இருந்த பெண்கள் பார்த்த உடனே 'மாரியக்கா' என்று ஆக்கிவிட்டார்கள். நார்வே நாட்டின் வடகோடியில், குளிர்காலத்தில் சூரியனே தலைகாட்டாத ஒரு மீன்பிடி ஊர் அவருடையது. மீன் வெட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் கவுன்சிலுக்கு நின்றார், மேயரானார், பார்லிமென்ட் போனார், மீன்வளத்துறை மந்திரியும் ஆனார். மீன் முட்டையிடும் கடலில் எண்ணெய் எடுக்க அவருடைய அரசாங்கமே கிளம்பியபோது எதிர்த்தார். எடுபடவில்லை. பதவியை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். இப்போது அதே ஊர் கவுன்சிலில் சாதாரண உறுப்பினர்.

இது வரைக்கும் நான் நன்றாகவே சொன்னேன். கைதட்டல்கூட வந்தது. அப்புறம் மாரித் அம்மாள், பெரிய படகு சின்னப் படகின் பங்கை எடுப்பது திருட்டு என்றார். நானும் அப்படியே சொன்னேன். பெரிய படகும், மீனைக் கூட்டத்தோடு வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையும் வைத்திருக்கும் ஒருவர் பின்னாலிருந்து எழுந்துவிட்டார்.

"யாரு திருடன்? இன்னா பேசற நீ?"

"ஐயா, நான் சொல்லலைங்க. அவங்கதான் சொல்றாங்க!"

மேடையிலேயே நழுவிவிட்டேன். கூட்டம் சிரித்தது. செல்வம் தரையைப் பார்த்தார். நஜ்மாவாக இருந்தால் அந்த மனுஷர் முகத்தை நேராகப் பார்த்து இன்னொரு தரம் 'திருட்டு' என்று சொல்லியிருப்பாள். அந்த நினைப்பே என்னைத் தின்றது.

கஸ்தூரிதான் எழுந்து பேச்சை மாற்றினாள். "ஏம்மா, மந்திரியா இருந்துட்டு திரும்ப வார்டு மெம்பரா நிக்கிறீங்களே, கேவலமா இல்ல?"

மாரித் அம்மாள் சொன்னதை இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். "மந்திரியா இருந்தப்ப என்னை யாரும் ரோட்டுல நிறுத்திக் கேள்வி கேக்க முடியாது. இப்ப மீன் வாங்கப் போனாக்கூட நிறுத்திக் கேக்குறாங்க. அதுதான் பெரிய பதவி. அதுல எறக்கம் ஒண்ணும் இல்ல."

கஸ்தூரி அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

3. சிதம்பரத்தில் தண்ணீர் பாட்டில்

மறுநாள் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். தப்புக் கண்டுபிடிக்கத்தான். கீழவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கவுன்சிலர் பெண்களும் கல்லூரிப் பெண்களும் நிறைந்திருந்தார்கள். நான் ஓரமாக, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

நஜ்மா பச்சைப் புடவையில், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன குரல் அப்படியே இருந்தது. மாரித் அம்மாள் ஜோக் அடித்தால் நஜ்மா சொல்லும்போதும் மண்டபம் சிரித்தது. எங்காவது இடறுவாள் என்று காத்திருந்தேன். இடறவே இல்லை.

கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து கேட்டாள்: "உங்களை அரசியலுக்குக் கொண்டு வந்த கொள்கை எது?"

மாரித் அம்மாள் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார். எனக்கு ஆங்கிலத்தில் கேட்கும்போதே தூக்கிவாரிப் போட்டது. நஜ்மா வாயைத் திறக்கவில்லை. இருமினாள். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நிமிர்ந்தவள் நேராக என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கொள்கை இல்ல. பொறாமை. எங்க கட்சியிலயே ஒருத்தி இருந்தா. அவ பேசினா ஹாலே சிரிக்கும். நான் பேசினா வாட்சைப் பாப்பாங்க. அவளைத் தாண்டணும்னுதான் மேயரானேன், மந்திரியானேன். கொள்கையெல்லாம் போற வழியில வந்து ஒட்டிக்கிட்டது. அப்புறம் அவ அரசியலையே விட்டுப் போயிட்டா. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். அன்னிலேர்ந்து எனக்கு மேடையே சப்புன்னு ஆயிடுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வார்த்தை மாரித் அம்மாளுடையதுதான். ஆனாலும் என் மனசில் இருப்பது நஜ்மாவுக்கு எப்படித் தெரிந்தது, என்னைப் பார்த்தே ஊரறியச் சொல்லிக் காட்டுகிறாளே என்றுதான் நினைத்தேன்.

4. ஒரு வார்த்தை போதும்

கூட்டம் முடிந்ததும் செல்வம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், நீங்க இங்கிலீஷ் டீச்சர். எனக்கு அந்தம்மா இங்கிலீஷ் சரியாப் பிடிபடல. உண்மையச் சொல்லுங்க. நஜ்மா மேடம் அந்த எடத்துல தடுமாறி இஷ்டத்துக்கு ஏதோ சொல்லிட்டாங்கல்ல? மந்திரியா இருந்தவங்க போயி பொறாமைன்னு சொல்வாங்களா?"

'ஆமாம்' என்றால் போதும். வேலை எனக்கு. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி செல்வம் எதிரில் நிற்கிறார்.

"ஒரு சொல்லுகூட மாறல செல்வம். அந்தம்மா அப்படியேதான் சொன்னாங்க."

"அப்டியா?"

"அப்டித்தான். நானா இருந்தா 'அவங்க பொறாமைப்பட்டாங்களாம்'னு நழுவியிருப்பேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். போயும் போயும் அவளுக்குச் சாட்சி சொல்லிவிட்டு வருகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா? வேலை நஜ்மாவுக்குப் போனது.

5. வடலூரிலிருந்து போன்

பயிற்சியின் முதல் வகுப்பு வடலூரில். மதிய இடைவேளையில் நஜ்மா போன் செய்தாள். வணக்கமும் இல்லை, நலமும் இல்லை.

"ஏண்டி இந்திரா, உன்னால எனக்கு நிம்மதியே கெடையாதா?"

"நான் என்னடி பண்ணேன்?"

"கம்மாபுரத்துலேர்ந்து ஒரு தலைவி வந்திருக்கா. நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள கேக்குறா, 'இந்திரா மேடம் வரலையா, அவுங்க சொன்னா நல்லாப் புரியும்'னு. எங்க போனாலும் எனக்கு இதே பாட்டுத்தான். அன்னிக்கு மேடையில அந்தம்மா பொறாமைன்னு சொன்னதும் உன் மூஞ்சிதான் வந்துச்சு. நிமிந்து பாத்தா எதிர்லயே உக்காந்திருக்க! யா அல்லா, எனக்கு வாயே அடைச்சிப்போச்சு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சிக்னல் சரியில்லடி. அந்தக் கம்மாபுரத்துப் பொம்பள என்ன கேட்டா? இன்னொரு தரம் சொல்லு."

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான்' என்றே சொல்லுங்கள். இதோ, நானும் நழுவாமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நஜ்மா மேல் பொறாமை. ஆனால் அதையும் மண்டபம் நிறைய ஆள் வைத்து, மைக் பிடித்து, எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.