உப்புப் பார்க்கிறவள்

எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது என் பேத்தி. வயது ஏழு. நானும் மருமகளும் நோன்பு. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள்தான். கொத்துக்கறி போட்ட கஞ்சியைத் துப்புகிற அளவு மன உறுதி எனக்குக் கிடையாது; மருமகளோ நோன்பு முறிந்துவிடும் என்று நுனி நாக்கிலும் வைக்கமாட்டாள். அதனால் பாதி உப்பை நான் போடுவேன். மீதி, அவள் நாக்கு சொன்ன பிறகு.

"சின்னப் புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை மாமி? அந்த நேரத்துல ரெண்டு பக்கம் படிக்கட்டுமே" என்பாள் மருமகள்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டு வந்தவள். என் பேத்திக்குப் பூண்டை ஊறவைத்தால் தோல் தானாகக் கழலும் என்று தெரியும். முதல் தேங்காய்ப்பாலை இறக்கும்போதுதான் ஊற்ற வேண்டும், முந்தினால் திரிந்துபோகும் என்று தெரியும். இதெல்லாம் பரீட்சையில் வராதாம். வந்தால் வாத்தியார்களே பெயிலாகிவிடுவார்கள்.

போன நோன்பில் ஒரு நாள், கரண்டியை ஊதி வாயருகே கொண்டுபோனவள், "சரியா இருக்கு நன்னி" என்றாள். நம்பி இறக்கினேன். அடுத்த வீட்டுக்கும் ஒரு தூக்கு போனது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சியை வாயில் வைத்தோம். சப்பென்று இருந்தது. அவளோ மூன்றாவது வடையில் இருந்தாள். மருமகளுக்குச் சந்தேகம் வந்து புத்தகப் பையைத் திறந்தாள். காலையில் கட்டிக் கொடுத்த சோறு டப்பாவில் அப்படியே இருந்தது.

"நோன்பாடி வச்சே?"

"எல்லாரும் வைக்கிறீங்க. நான் மட்டும் தின்னுக்கிட்டே இருக்கணுமா?"

"அப்ப உப்புப் பாத்தேன்னு சொன்னது?"

"உதட்டுகிட்டதான் கொண்டுபோனேன்."

"பொய் வேற! இனிமே அடுப்படிப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்."

பேத்தியின் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உப்பில்லாத கஞ்சி குடிச்சு யாரும் மவுத்தாப் போகலைம்மா. நாளைக்கும் அவதான் பாப்பா."

"நாளைக்குக் கஞ்சி நான் காய்ச்சுறேன் மாமி. போன்ல அளவோட போட்டிருக்கான். யாரும் பாக்கவே வேணாம்."

மறுநாள் போனைப் பார்த்துப் பார்த்து உப்பையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினாள். அதில் எத்தனை பேருக்குக் கஞ்சி என்று பார்த்தாளோ இல்லையோ! பேத்தி அடுப்படி வாசலைத் தாண்டாமல் நின்றாள். நான் ஒரு கரண்டி எடுத்து ஆற்றி அவளிடம் நீட்டினேன்.

"மாமி, நான் வேணாம்னேன்ல?"

"நீ வேணாம்னே. நான் வேணும்னேன். ரெண்டும் சரியாப் போச்சு. நீ குடிடீ."

பேத்தி குடித்தாள். கண்ணை மூடி யோசித்தாள். அவள் உம்மாவைப் பார்த்துப் பயந்துகொண்டே சொன்னாள்: "கரிக்குது உம்மா."

"போன்ல சொன்ன அளவுதானே போட்டேன்!"

"அப்ப அந்தப் போனை ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லு. அதுக்கு நோன்பு இல்லையே" என்றேன்.

மருமகள் சிரிக்கவில்லை. சட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பாங்குக்கு அரைமணிதான் இருந்தது. வாயில் வைத்துப் பார்க்க அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது. நேற்றுப் பொய் சொன்ன நாக்கைத்தான் இன்றைக்கு நம்பியாக வேண்டும்.

"நெசமாக் குடிச்சியா?"

பேத்தி நாக்கை முழுதாக நீட்டிக் காட்டினாள். மஞ்சள் ஒட்டியிருந்தது. "நேத்து மாதிரி இல்ல உம்மா. முழுங்கிட்டேன். இன்னொரு மூடித் தேங்காப்பால் ஊத்துனா சரியாயிரும்."

மருமகள் தேங்காயை உடைத்து, ஒரு மூடியைத் துருவ எடுத்துக்கொண்டாள். "பிழியிறதுக்குத் துணியை எடுத்துக்கிட்டு உள்ள வா" என்றாள் மகளிடம்.