என் மகன் குடிக்காதவன் என்று வாங்கிய கடிதங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மெல்பேர்னில் நோபல் பார்க் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் இது தொடங்கியது. மகன் வேலை முடிந்து வந்து, அடுப்படியில் கை கழுவிவிட்டு, மேசையில் ஒரு கடதாசியை வைத்தான். ஆஸ்திரேலிய இராணுவத்திலிருந்து அவனை விலக்கியபோது கொடுத்த கடதாசி. அது வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் நான் அதை முழுதாக வாசித்ததில்லை. வாசிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. விலக்கிய காரணம், மதுப் பழக்கத்துக்கான சிகிச்சையில் தேறவில்லை என்பது. அதற்குக் கீழே ஒரு சின்னக் குறியீடு. அதன் பொருள், இந்த ஆளைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்பது.

"இந்தக் குறியீட்டை மாத்தச் சொல்லி மேன்முறையீடு செய்யப்போறன் அப்பா. இது மாறாட்டி, திரும்பச் சேர நான் போடுற விண்ணப்பத்தைக் கையால தொடவும் மாட்டினம்" என்றான்.

அவன் இராணுவத்தில் சேர்ந்தது இருபத்தொரு வயதில். நான் எட்டாம் வகுப்போடு மன்னாரில் பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே வந்து பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். சீருடையில் அவன் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, வரவேற்பறையில் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். நாலு வருடத்துக்குள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஆறு கிழமை சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் தொடக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு தரம் தொட்டிருக்கிறான். இரண்டாம் தரம் பிடிபட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் வந்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் வாசலில் ஒருவர் கேட்டார். "ஒப்பந்தம் முடிஞ்சுது, வந்திட்டான்" என்று சொன்னேன். அந்தப் பொய் அப்படியே நிலைத்துவிட்டது. அதைத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை. எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமிக்கு என் குரல் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் ஐந்து மாதம் மகன் குடித்தான். பிறகு ஒருநாள் தானாகவே வைத்தியரிடம் போனான். வாரம் இரண்டு தரம் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போனான். நான் அவனோடு கதைக்காமல் இருந்த அந்த நாட்களில் மனைவிதான் அவனைக் காரில் ஏற்றி இறக்கினா. அந்தச் சனிக்கிழமை அவன் கடதாசியை மேசையில் வைத்தபோது, குடியை விட்டுப் பத்தொன்பது மாதம். டண்டினோங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மேன்முறையீட்டுக்கு மூன்று வேண்டும் என்றான். அவன் தானே எழுதும் விளக்கம், வைத்தியரின் அறிக்கை, அவனை நன்றாக அறிந்தவர்களின் கடிதங்கள். "நீங்கள் ஒண்டு எழுதித் தாங்கோ அப்பா. நீங்கள் கண்டதை எழுதினாப் போதும்."

நான் கண்டதை எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஊரில் எந்த வேலைக்குப் போனாலும் நற்சான்றிதழ் என்று ஒன்று வேண்டும். பங்குச் சுவாமியோ பாடசாலை அதிபரோ எழுதுவார்கள். எல்லாருக்கும் ஒரே வாசகம்தான். இவரைச் சிறு வயது முதல் அறிவேன், கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்தவர், எந்தத் தீய பழக்கமும் இல்லாதவர். கள்ளுக் கொட்டிலிலிருந்து நேரே வந்து அதை வாங்கிக்கொண்டு போனவர்களையும் எனக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான், பெரிய மனிதர்களின் கையெழுத்துத்தான் முக்கியம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் மகனுக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானத்தகப்பனிடம் போனேன். அவர் கணக்காளர். ஆவணங்களை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் என்ற முத்திரையும் வைத்திருப்பவர். மகன் திரும்ப இராணுவத்துக்குப் போக விரும்புகிறான், ஒரு கடிதம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "நான் எழுதாம வேற ஆர் எழுதுறது? நீர் தேத்தண்ணியைக் குடியும், அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். முத்திரையும் குத்தினார். அடுத்ததாக எங்கள் செபக்குழுவை நடத்தும் அன்ரி. அவவும் மறுக்கவில்லை. இரண்டு கடிதத்திலும் மதுவைத் தொடாதவன் என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. இருந்ததைக் கண்டும் பேசாமல் இருந்தேன். பிறகு அவற்றைப் பார்த்தே நானும் ஒன்று எழுதி, மூன்றையும் உறையில் போட்டு ஒட்டி வைத்தேன்.

மனைவி மட்டும் கேட்டா. "அவைக்கு விஷயம் சொன்னனீங்களோ?"

"எல்லாத்தையும் ஊருக்குச் சொல்ல வேணுமோ?"

"மாதாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இராணுவத்துக்கும் தெரியும். இன்னும் ஆரிட்ட மறைக்கிறியள்?" என்றுவிட்டு சோற்றுப் பானையைப் பார்க்கப் போய்விட்டா.

அடுத்த கிழமை மகன் என்னையும் கூட்டிக்கொண்டு, பழைய படைவீரர்கள் கூடும் ஒரு கழகத்துக்குப் போனான். பின்னறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு காலை நீட்டித்தான் இருக்க முடியும் அவருக்கு. இப்படிப்பட்ட மேன்முறையீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது அவருடைய தொண்டு. நான் உறையை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையோடுதான் கொடுத்தேன்.

அவர் மூன்றையும் ஆறுதலாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவை நல்ல கடிதங்கள், ஆனால் இவற்றை அனுப்பினால் உங்கள் மகன் தோற்றுவிடுவான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்: நான் குடித்தேன், சிகிச்சையில் தோற்றேன், இப்போது விட்டுவிட்டேன் என்று உங்கள் மகன் நாலு பக்கம் எழுதியிருக்கிறான். அவன் குடிப்பதே இல்லை என்று இந்த மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வாசிக்கிறவர் இதில் யாரை நம்புவார்?

எங்கள் ஊரில் இப்படித்தான் எழுதுவோம் என்று சொன்னேன்.

"இதை வாசிக்கப்போவது உங்கள் ஊர் இல்லையே, மேட்" என்றார். சினேகிதனைக் கூப்பிடும் சொல் அது; கோபமாகச் சொல்லவில்லை.

மகன் என்னைப் பார்த்தான். "அப்பா, அவைக்குத் தெரியாதா? இந்த ரெண்டு வருஷமும்?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவன் தன் நாலு பக்கத்தை எடுத்து என் பக்கம் தள்ளினான். அவர் தேநீர் போடுவதாகச் சொல்லி வெளியே போனார்.

ஆங்கிலம் நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். விரல் வைத்து வாசித்தேன். முதல் தரம் குடித்தது எப்போது என்பதிலிருந்து தொடங்கியிருந்தான். பயிற்சி முடித்து விடுமுறையில் வந்தபோது, ஒரு குடும்ப விருந்தில் என்று எழுதியிருந்தான். அந்த விருந்து எங்கள் வீட்டுக் கராஜில் நடந்தது. வளர்ந்த பிள்ளைக்குத் தகப்பன் தன் கையால் ஊற்றிக் கொடுத்தால் அவன் வெளியில் களவாகக் குடிக்கமாட்டான் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. அவன் வேண்டாம் என்று சொல்லியும் எல்லார் முன்னாலும் கிளாசை அவன் கையில் திணித்தவன் நான். எல்லாரும் கை தட்டினார்கள். படமும் எடுத்தோம்.

யார் ஊற்றிக் கொடுத்தது என்று அவன் எழுதவில்லை. நாலு பக்கத்திலும் தேடினேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. என் தந்தை கடுமையாக உழைப்பவர், அவரை நான் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று.

நான் அவனை ஊருக்கு மறைத்தேன். அவன் என்னை இராணுவத்துக்கு மறைத்திருந்தான்.

திரும்பி வரும்போது காரில் ஸ்பிரிங்வேல் தாண்டியதும் அவன்தான் பேச்சைத் தொடங்கினான். "அந்த அன்ரி எழுதியிருக்கிறா, நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போறனாம். குடிக்கிற கதையை விடுங்கோ, இதுவே பச்சைப் பொய்!" இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு கேட்டான், "நீங்கள் அவைக்குச் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"நான் கட்டின பொய். நான்தான் சொல்ல வேணும்" என்றேன்.

அன்று பின்னேரமே ஞானத்தகப்பன் வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்க்கு முத்திரை குத்த வச்சிட்டீரே காணும்! நாளைக்கு இது பிடிபட்டா என்ர முத்திரையைப் பறிச்சுப்போடுவாங்கள்" என்று சத்தம் போட்டார். நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்டேன். அவர் யன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு, "அண்டைக்குக் கராஜில, ஆமிக்காரன் குடிக்காம இருக்கிறதோ எண்டு கேட்டது நான்தானே" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவருக்கு இருந்தது.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு அவர் புதிதாக எழுதினார். இப்போதுதான் கேள்விப்பட்டேன், வருந்துகிறேன், கடந்த ஒன்றரை வருடத்தில் எந்த விருந்திலும் அவன் கையில் கிளாசைக் காணவில்லை என்று எழுதினார். செபக்குழு அன்ரி தன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டா. வேறு எழுதித் தரவில்லை. அதன் பிறகு கோயிலில் எங்களைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவா. அவவில் பிழை சொல்ல மாட்டேன்.

என் கடிதத்தைத் தமிழில் எழுதலாம், பிறகு மொழிபெயர்ப்பிக்கலாம் என்று அந்தக் கழகத்து மனிதர் சொல்லியிருந்தார். குசினி மேசையில் இருந்து எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. முதல் கிளாசை வற்புறுத்திக் கொடுத்தவன் தகப்பனாகிய நான். அவன் சிகிச்சையில் தோற்று வந்தபோது அவனோடு கதைக்காமல் இருந்தவனும் நான். அவன் தன் முயற்சியாலும் தாயின் துணையாலும் எழுந்ததை ஒரே வீட்டில் இருந்து பார்த்தேன். இவ்வளவுதான்.

மகன் வாசித்தான். முதல் வரியில் விரலை வைத்து, "இதை எடுங்கோ அப்பா. இது தேவையில்லை" என்றான்.

"இருக்கட்டும்."

"உங்களைப் பிழையா நினைப்பினம்."

"சரியாத்தான் நினைப்பினம். இருக்கட்டும், தம்பி."

அவன் கடிதத்தை மடிக்காமல் கோப்புக்குள் வைத்தான்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. குறியீட்டை மாற்றியிருந்தார்கள். திரும்பச் சேர்ப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வைத்தியப் பரிசோதனையில் தேறினால் விண்ணப்பத்தைப் பார்ப்போம் என்பதுதான். மனைவி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினா. அந்த ஞாயிறு பூசைக்கு முன் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுவாமிக்கு என் குரல் தெரிந்திருக்கும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பரிசோதனையில் தேறி, இப்போது மகன் பகுதிநேரப் படையில் இருக்கிறான். மற்ற நாட்களில் பழையபடி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கோயில் வாசலில் யாராவது, இடையில் ஏன் விட்டவன் என்று கேட்டால், குடியால் விலக்கினார்கள், குடியை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் பேச்சை மாற்றுவார்கள். இரண்டு பேர் மட்டும் பிறகு தனியாக வந்து, தங்கள் பிள்ளையை எந்த வைத்தியரிடம் காட்டலாம் என்று கேட்டார்கள். நான் எழுதிய அந்த அரைப் பக்கத்தின் பிரதி என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. என் மகனுக்காக நான் வாங்கிய கடிதங்களில் கையெழுத்தும் முத்திரையும் எடுப்பாக இருந்தவை வேறு. அவன் பக்கம் நான் நின்றது என் கையின் கோணல் எழுத்தில் மட்டும்தான் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.