ஜாவா முகமூடியைத் தேடித் திருவிடந்தைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். புறப்படும் முன் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டு வந்தேன். பக்கத்து ஆணியில் ஜாவாத் தீவின் பெண் முகமூடி தொங்குகிறது. புது ஆணி ஆண் முகமூடிக்கு.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் கிடையாது. மாமல்லபுரத்தில் தங்கிப்போகும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுச்செல்வதையும், பழைய சாமான் கடைகளில் கிடைப்பதையும் வாங்கிச் சேர்க்கிறேன். மெக்சிகோ மண்குதிரை, ஜப்பான் காகித நாய், ஆப்பிரிக்க மரச்சீப்பு எல்லாம் வீட்டில் இருக்கின்றன. முகமூடிகள் இரண்டும் ஒரே மரத்தில் செதுக்கிய ஜோடி. ஜாவாக் கூத்தில் கணவன் மனைவியாக ஆடுகிறவர்கள் போட்டுக்கொண்டவை. மாமல்லபுரத்தில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊர் திரும்பும்போது இரண்டையும் எனக்குத் தருவதாகச் சொன்னார். வீடு காலிசெய்த அமளியில் ஒன்றுதான் கிடைத்தது. மற்றொன்றைப் பல வருடங்களாகத் தேடினேன்.

போன வாரம் டைல்ஸ் லாரி டிரைவர் ஒருவர் பஞ்சர் போட வந்தார். திருவிடந்தையில் தான் சரக்கு இறக்கிய புதுவீட்டைப் போனில் காட்டினார். மாடியில் கட்டியிருந்த திருஷ்டி பொம்மைக்கு அந்த முகம்.

எட்டு மணிக்கு மாமல்லபுரம். முப்பது கிலோமீட்டர். இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே இன்னொரு பஸ். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே பிளாட் கற்கள். கட்டி முடியாத வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை. திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ள மாலையோடு போகிறவர்கள் பஸ்ஸில் நிறைய இருந்தார்கள்.

"பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று பக்கத்து ஸீட் அம்மா கேட்டார்.

"பொண்ணுக்கு" என்றேன். வேறென்ன சொல்வது?

கோயிலிலிருந்து பத்து நிமிட நடை. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வைக்கோல் அடைத்த கட்டம்போட்ட சட்டை, பேன்ட். மேலே என் முகமூடி. எனாமல் பெயின்டால் மீசையும் சிவப்பு நாக்கும் வரைந்திருந்தார்கள். பாதி மூடிய கண்களை மட்டும் விட்டிருந்தார்கள்.

கீழே மேஸ்திரி ஏழுமலை உட்கார்ந்திருந்தார். "இன்னா அண்ணாத்த, பிளாட்டு பாக்க வந்தியா?"

"இல்லீங்க. அந்த பொம்மை..."

"அதுவா? மகாபலிபுரத்துல ஒரு வூட்டுக் குப்பையில கெடச்சிது. ராசியான மூஞ்சி. மத்த பொம்மைங்க ஒரு மழைக்கே பூடும். இது நாலு வூடு பாத்துட்ச்சி. நாளைக்கு இங்க பால் காச்சுறாங்க. எறக்கி அடுத்த சைட்டுக்கு எட்த்துனு பூடுவேன்."

அவரிடமே கேட்டிருக்கலாம். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பைக்கில் வந்துவிட்டார். வீடு அவருடையது, அவரைக் கேட்பதுதான் மரியாதை என்று தோன்றியது. பேச்சு வராததால் பையிலிருந்த பணத்தை எடுத்து நீட்டினேன்.

"இன்னாத்துக்கு?"

"அந்த முகம் எனக்கு வேணுங்க. எவ்வளவு கேட்டாலும்..."

அவர் முகம் மாறியது. "என் வூட்டு திருஷ்டிய துட்டு குட்த்து வாங்குறியா? யாரு அனுப்புனாங்க உன்ன? எங்க அண்ணனா?"

அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு என்று மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். இந்த வீட்டின் கண்ணேறு முழுக்க அந்தப் பொம்மையில் இறங்கியிருக்கிறது. அதை எடுத்துப்போய் யாரோ சூனியம் வைக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரர் பயந்துவிட்டார். ஜோடியைப் பற்றி, வெள்ளைக்காரம்மாவைப் பற்றி, என் சுவரைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தது. "ஜாவா" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது.

"ஜாவாவாம். மந்திரம் கத்துக்கினு வந்துகிறான். மேஸ்திரி, எறக்கு. இப்பவே கொளுத்து."

"சார், அது நம்ம பொம்ம சார். இன்னும் பத்து வூட்டுக்கு வரும்."

"வேற வாங்கித் தரேன். கொளுத்துய்யா."

தெருமுனையில் வைத்துப் பெட்ரோல் ஊற்றினார்கள். வைக்கோல் உடனே அடங்கிவிட்டது. முகத்தில் முதலில் பெயின்ட் கொப்பளித்தது. மீசை உருகி வழிந்தது, பிறகு நாக்கு. ஒரு கணம் அவன் முகம் மட்டும், செதுக்கியவன் விட்டபடி, தெரிந்தது. அப்புறம் அதிலும் தீ பிடித்தது.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "நீ கம்னு இருந்திருந்தா எனுக்காவது இருந்திருக்கும் அண்ணாத்த."

பதினொன்றரை பஸ்ஸில் திரும்பினேன். உலகத்தில் எங்கெங்கோ அழிந்துபோகிறதை நான் காப்பாற்றி வைப்பதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வெயிலிலும் மழையிலும் நாலு வீட்டு மாடியில் அது நன்றாகத்தான் இருந்தது. தேடிப்போய் நான் கேட்டதில்தான் போயிற்று. வழியில் எந்தக் கட்டிடத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் பெண் முகமூடி அதே பாதிக் கண்ணோடு இருந்தது. புது ஆணியைப் பிடுங்கப் போனேன்.

"சொவுரு பேந்துடும், வுடுங்க" என்றாள் மனைவி. கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை. என் சட்டை புகை நாறியது. கழற்றச் சொல்லி வாங்கி, அந்த ஆணியிலேயே மாட்டினாள்.