கரையோரம் சுறா வந்த மாசங்கள்

கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து சங்கரி சுறாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீரை ஊற்றுவதும், கத்தியின் முதுகால் சுரண்டுவதும், மறுபடி ஊற்றுவதுமாக வெகுநேரமாக இதே வேலை. சுறாத் தோலில் இருக்கிற மணல் முழுக்க இறங்க வேண்டும். ஒரு பருக்கை தங்கினாலும் சுறாப் புட்டு பல்லில் நெறுநெறுக்கும். வீட்டில் வேறு எந்த வேலையையும் யாரிடமாவது விட்டுவிடுவாள். இதை மட்டும் விட்டதில்லை.

"இன்னா சங்கரி, நாத்தனாருக்கு ராஜ உபசாரமா?" என்று பக்கத்துக் கொல்லையிலிருந்து வேண்டா குரல் கொடுத்தாள். வேண்டா மாமல்லபுரத்துச் சந்தையில் மீன் விற்கிறவள். விடியற்காலையில் படகு கரையேறியதுமே இந்தச் சுறாவை மடக்கி, சங்கரியின் புருஷன் தர்மராஜ் கையில் கொடுத்தனுப்பியவளும் அவள்தான்.

"நீயே குட்த்துட்டு நீயே கண்ணு வெக்காத."

"கண்ணு வெக்கறாங்களாம். ஒரு வாரமா உன் புருசன் கர முழுக்கத் திரியறாரு, என்னமோ பொண்ணு தேடற மாதிரி. சுறா கெடச்சா சொல்லு, சுறா கெடச்சா சொல்லுன்னு. கடைசில எங்க கொழுந்தன் இவரு பேஜாரு தாங்காம கரையோரமாவே வலைய வுட்டு இத்த புடிச்சாந்தான்."

"ஒன் கொழுந்தனுக்கும் ஒரு கிண்ணம் புட்டு உண்டு, போ."

"அவனுக்கு எதுக்குடி பால் ஊறணும்?" என்று வேண்டா சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

சங்கரியும் சிரித்தாள். ஆனால் மனசு சிரிப்பில் இல்லை. உள்ளறையில் ரோகிணி படுத்திருந்தாள். தர்மராஜின் ஒரே தங்கை. தலைப்பிரசவம். தாயில்லாத பெண்ணுக்குத் தாய்வீடு என்றால் அண்ணன் வீடுதான். பிள்ளை நன்றாக இருந்தது. பால்தான் போதவில்லை. பசியாறாமல் பிள்ளை அழுவதும், ரோகிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அணைப்பதும், ராத்திரியெல்லாம் இதுதான் நடந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து ரோகிணியின் மாமியார் ஞானம்பாள் தினமும் போன் செய்தாள். "இன்னும் ஊறலையா? ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிக்கினு போயிடறேன். எங்க வீட்டுப் பக்கத்துலயே டாக்டர் இருக்காரு" என்று நேற்றுச் சொல்லிவிட்டாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சங்கரிக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்தக் கரையில் பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு அவள் சுறாப் புட்டு செய்து கொடுத்திருக்கிறாள். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து தெற்கத்திக்காரர்கள்கூட டிபன் கேரியரோடு வந்து நின்றிருக்கிறார்கள். அவளுக்கென்று ஒரு பிரசவம் நடக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதுமில்லை. அவள் பார்த்துக்கொள்ளும்படியாக வந்த ஒரே பிரசவம் ரோகிணியுடையது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பால் ஊற வேண்டும். இந்தப் பெண்ணை யாரும் பாதியில் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

மணல் இறங்கி, தோல் வழவழப்பாக வந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. நினைப்பு வேறெங்கோ போய்விட்டது.

அவள் கல்யாணமாகி வந்தபோது ரோகிணிக்கு ஆறு வயசு. முன்பல் இரண்டும் இல்லாமல், தலையில் பேனோடு, கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. அந்த வருஷங்களில் கரையே வேறு மாதிரி இருந்தது. பங்குனி பிறந்தால் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடக்கும். அப்போதுதான் சுறா வரும். ஆழத்துக்குப் போகவே வேண்டாம், நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே கிடைக்கும். தர்மராஜ் விடிகாலையில் போனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான். படகு மணலில் முட்டும் முன்பே அவன் முகத்தைப் பார்த்து எவ்வளவு மீன்பாடு என்று சங்கரி சொல்லிவிடுவாள். மணலில் வரிசையாகச் சுறாவைக் கிடத்தினால் பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடும். கடல் தாய் நம்மைத் தேடிவந்து வாரிக் கொடுக்கிறாள் என்று கோயில் முன்னால் நின்று கைகூப்பாதவர்கள் இல்லை.

சென்னையிலிருந்து ஒரு பாய் வேனில் வருவார். அவருக்கு வேண்டியது இறக்கை மட்டும்தான். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, வாலில் கீழ்ப்பாதி. எங்கோ கடல் கடந்த தேசத்தில் கல்யாண விருந்துக்கு அதில் சூப்பு வைக்கிறார்களாம். "ருசியே இருக்காதும்மா, சவ்வு மாதிரி இருக்கும். கௌரவத்துக்குக் குடிக்கறாங்க" என்று பாய் சொன்னபோது தெருவே நம்பாமல் சிரித்தது. கறியை யாரும் கேட்கவில்லை. கறி குவிந்து கிடந்ததால்தான் சங்கரி புட்டே கற்றுக்கொண்டாள். முதல் தடவை மணல் போகாமல் செய்து, தர்மராஜ் தின்றுவிட்டு, "இன்னா சங்கரி, கடக்கரையையே வறுத்துட்டியா?" என்றான்.

இறக்கைகளை வெட்டிய வாயில் உப்புத் தேய்த்து, சுனாமிக்குப் பிறகு கட்டிய இந்த வீட்டின் மாடியில் பழைய வலைமேல் பரப்புவார்கள். காக்காய் ஓட்டுவது ரோகிணியின் வேலை. கையில் குச்சி, தலைக்குமேல் கம்பி ஒடிந்த குடை. இறக்கைகளுக்கு எதிரே உட்கார்ந்து அவற்றுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள். பதில் சொல்லாத இறக்கையைக் குச்சியால் தட்டுவாள். கீழேயிருந்து சங்கரி கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். வீடெல்லாம் ஒரே நாற்றம். தெருவுக்கே அந்த நாற்றம் என்பதால் அது நாற்றமென்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள் என்று ரோகிணி அழுதுகொண்டு வந்த அன்றுதான் தெரிந்தது. மறுநாள் சங்கரி பாதி டப்பா பவுடரை அவள் முதுகில் கொட்டி அனுப்பினாள். "இப்போ பவுடர் போட்ட மீனு மாதிரி கீறேன் அண்ணி" என்று அது சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சுனாமி வந்து கூரை வீட்டைக் கொண்டுபோன பிறகு, இந்தத் தளம் போட்ட வீட்டை எழுப்பியது அந்த இறக்கைதான். ரோகிணியைப் படூர்ப் பக்கத்துக் காலேஜில் சேர்த்ததும் அதுதான். நடுவில் தர்மராஜ் இரண்டு பருவம் காசிமேட்டுப் பெரிய படகில் போனான். வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிற படகு. ஒரு தடவை திரும்பிவந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஐஸ் பொட்டில எடமில்லன்னு றெக்கைய மட்டும் அறுத்துக்கினு ஒடம்ப தண்ணில தள்ளிடறாங்க. உசுரோட. நீந்தவும் முடியாம கல்லு மாதிரி எறங்குது." சங்கரி அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். "சாப்புடு, ஆறிப்போவுது" என்றாள். அடுத்த பருவம் அவன் காசிமேட்டுக்குப் போகவில்லை. ஏனென்று அவளும் கேட்கவில்லை.

பிறகு சர்க்காரில், இறக்கையைத் தனியாகக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். கொஞ்ச நாளில் வெளிதேசத்துக்கு அனுப்பவே கூடாது என்று வந்தது. பாயின் வேன் நின்றுபோனது. சட்டத்தால் நின்றதா, சுறா இல்லாமல் நின்றதா என்று டீக்கடையில் இன்றைக்கும் சண்டை. இழுவைப் படகு மேல் பழி போடுகிறவர்கள் உண்டு, அமாவாசை மேல் போடுகிறவர்களும் உண்டு. பங்குனி மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. கடல் அசையாமல் கிடந்தது. அதில் ஒன்றும் வரவில்லை.

சங்கரி சுறாவைப் புரட்டி வயிற்றைக் கீறினாள். கையில் தூக்கியபோதே கனத்தை வைத்து அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தெரியாததுபோல இவ்வளவு நேரம் தேய்த்திருந்தாள். உள்ளே குட்டிகள் இருந்தன. நாலைந்து. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில், தாயைப் போலவே முதுகில் இறக்கையோடு, தொப்புளில் கொடியோடு. சுறா மற்ற மீனைப்போல முட்டை இட்டுவிட்டுப் போகிற சாதியில்லை. சுமந்துதான் பெறும். அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ அறுத்திருக்கிறாள். குட்டிக் கறி இன்னும் மெத்தென்று இருக்கும் என்று அதையும் சேர்த்தே வேகவைப்பார்கள்.

"அண்ணி."

ரோகிணி பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். தோளில் பிள்ளை. காதில் பஞ்சு, தலையில் துண்டு.

"காத்துல எதுக்குடி வந்த? உள்ள போ."

"அது இன்னா, கொடியா?"

"ஆமா. போ உள்ள."

ரோகிணி போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். "நாள் நெருங்கினதுதான அண்ணி? இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா போட்டிருக்கும்."

"போட்டிருக்கும், போடாது. செத்துப்போச்சு. இத்த நீ தின்னலன்னா உசுரு வந்துடப் போவுதா?"

"வராது. ஆனா எனக்காகத்தான வல வுட்டாங்க? வேண்டாக்கா சொன்னது காதுல வுழுந்துது. கரையோரமா வுட்டாங்களாம்."

"அங்கதான் கெடைக்கும். எப்பவும் அங்கதான் கெடைக்கும், ஒனக்குத் தெரியாதா? பங்குனில கரையத் தேடி வரும்."

ரோகிணி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். ஆபீசுல எங்கூட ஒரு பையன், லீவு நாள்ல ஆமை பாக்கப் போவான். அவங்கிட்ட பெருமையா சொன்னேன், எங்க ஊர்ல பங்குனில சுறா வூட்டு வாசலுக்கே வரும்னு. அவன்தான் சொன்னான். ஆழத்துல பெரிய மீனு குட்டியத் தின்னுடுமாம். அதுக்குப் பயந்து ஆழமில்லாத எடமாப் பாத்து வருமாம். அது நம்மளத் தேடி வரல அண்ணி. பெத்துக்க வந்துச்சு."

சங்கரியின் கை நின்றது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அலுமினியத் தட்டில் விழுந்தது.

"அதுக்கு நாங்க இன்னா பண்றது? எங்களுக்கு எவன் வந்து சொன்னான்?" குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. பிள்ளை விழித்துச் சிணுங்கியது.

அந்தச் சத்தத்துக்குத் தர்மராஜ் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தான். "இன்னாத்துக்கு சண்ட?"

"ஒன் தங்கச்சி சுறாவுக்குப் பிரசவம் பாக்கறா."

அவன் தட்டில் கிடந்த குட்டிகளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், "நான் புடிக்கல அத்த" என்று மட்டும் சொன்னான். யாரும் அவன்தான் பிடித்தான் என்று சொல்லவில்லை. டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

சங்கரி குட்டிகளைத் தனியே எடுத்து, தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் போட்டு மண்ணைத் தள்ளினாள். பிறகு வந்து தாய்ச்சுறாவைத் துண்டு போட்டாள். மஞ்சள் போட்டு வேகவைத்தாள். தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து, விரலால் உதிர்த்தாள். சின்ன வெங்காயமும், உரித்து வைத்திருந்த பூண்டு முழுதும், மிளகும் போட்டு வதக்கினாள். காரம் போடவில்லை, பிள்ளைக்காரிக்கு ஆகாது. வாசனை எழும்பியதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊறிவிடும் என்று பழைய நம்பிக்கை தானாக வந்து உட்கார்ந்தது. இந்த வாசனைக்கு ரோகிணி மாடியிலிருந்து குடையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். முதல் கிண்ணம் முடிவதற்குள் "இன்னும்" என்பாள். இரண்டாவதைத் தின்றுகொண்டே மூன்றாவதுக்குக் கையை நீட்டுவாள்.

சோற்றில் புட்டைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். தட்டைத் தள்ளிவிட்டால் என்ன பேசுவது என்று அடுப்படியிலேயே நாலு விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. ரோகிணி எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டாள். பிசைந்தாள். தின்றாள். முகம் சுளிக்கவில்லை, பாதியில் நிறுத்தவும் இல்லை. மாத்திரை போட்டுக்கொள்கிறவள் மாதிரி ஒவ்வொரு கவளமாக விழுங்கி, தட்டின் ஓரத்தில் ஒட்டியதையும் வழித்துத் தின்றாள். சங்கரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் கொண்டாரட்டா?"

"போதும் அண்ணி. வயிறு ரொம்பிடுச்சி."

"எனக்கோசரம் தின்னியா?"

"பிள்ளைக்குப் பால் வேணுமே" என்றாள் ரோகிணி. கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையை எடுத்து மார்பில் அணைத்தாள். பிள்ளை பற்றிக்கொண்டு இழுத்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலியான தட்டைச் சங்கரி மடியில் வைத்திருந்தாள். அவள் வேண்டியது நடந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். அடுப்பில் பால் வேறு இருந்தது.

"மாடில நீ காக்கா ஓட்டிகினு இருப்ப" என்றாள். "நான் கீழ இருந்து கேட்டுகினு இருப்பேன். ஒங்க அண்ணன் மத்தியானமே வந்துடும். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம். என்னா சிரிப்பு சிரிப்போம், நெனப்பு கீதா?"

"கீது அண்ணி."

"அப்டி ஒரு சந்தோசம் எனக்கு அப்பறம் வரவேயில்ல. அதுவும் தப்புங்கறியா?"

பிள்ளையின் வாயிலிருந்து மார்பு நழுவியது. ரோகிணி அதைச் சரிசெய்து கொடுத்தாள். பிள்ளையின் காதோர மயிரை ஒரு விரலால் ஒதுக்கினாள். சங்கரி இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, தட்டையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைமேல் வெளிச்சம் படாமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.