வண்டி நிற்காத கோபுரங்கள்

புறப்படுவதற்கு முந்தைய நாள் என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "கோபுரம் தெரிஞ்சா கும்புட்டுக்குங்க. வண்டி மட்டும் நிக்கக் கூடாது."

அது நியாயமான நிபந்தனைதான். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் நாங்கள் மேற்கொண்ட பயணம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு சன்னிதியில்தான் முடிந்திருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்த காலமெல்லாம், விடுப்பு கிடைத்தால் நான் ஒரு திவ்விய தேசத்தைத் தேடிப் போவேன். விடுப்பு கிடைக்காத நாள்களில் பாசுரம் ஓதுவேன். அவள் புளிச்சோறு கட்டிக்கொண்டு என் பின்னால் வருவாள். உனக்கு எங்கே போக ஆசை என்று நான் கேட்டதில்லை. கேட்காததை அவள் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை.

ஆனால் அவளுக்கென்று தனியே ஒரு பக்தி இருந்தது. அது கிரிக்கெட். குவார்ட்டர்ஸ் சமையலறை அலமாரியில் ஒரு ரேடியோ இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நான் பகலில் உறங்கும்போது, அவள் அதன் ஒலியை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டுப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொள்வாள். இந்த நாடு ஆர்ப்பரித்துக் கேட்ட ஆட்டங்களையெல்லாம் அவள் கிசுகிசுப்பாகக் கேட்டவள். ஒருநாள் பாதி உறக்கத்தில் கண் திறந்தபோது, கரண்டி பிடித்த கையை உயர்த்திக்கொண்டு, வாயை இறுக மூடியபடி, பாதம் தரையில் ஓசைப்படாமல் அவள் குதிப்பதைக் கண்டேன். நான் விழித்தது தெரிந்தால் நிறுத்திவிடுவாள் என்று மீண்டும் கண்களை மூடிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவளுக்குக் கண் அழுத்த நோய் என்று மருத்துவர் சொன்னார். பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து எவ்வளவு காலம் காக்கும் என்று சொல்ல இயலாது. மந்தாரக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் வாய் திறந்தாள்.

"மைதானத்துல உக்காந்து ஒரு ஆட்டம் பாக்கணுங்க. அப்பறம் காட்டுல ஒரு யானை. கோயில் யானை வேணாம்."

"டிவியிலதான் தெனம் பாத்துகினு இருக்கியே?"

"டிவியில அவன் காட்டறதத்தான பாக்கறோம்? நான் எத பாக்கணும்னு நெனைக்கறனோ அத நான் பாக்கணும். கண்ணு இருக்கறப்பவே."

ஷிஃப்ட் அட்டவணை போடுவதுபோலவே பயணத்துக்கும் ஒன்று போட்டேன். பெங்களூரில் உள்ளூர் அணிகள் மோதும் நான்கு நாள் ஆட்டத்தின் கடைசி நாள், பிறகு மைசூர், பிறகு முதுமலைக் காடு, பிறகு கோயம்புத்தூர். ஆட்டங்களின் பட்டியலை எங்கள் மகள் கைபேசியில் அனுப்பியிருந்தாள். கோயம்புத்தூருக்குப் பிறகு வருவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே தங்காமல் திருச்சி வழியாகத் திரும்பினால், மார்கழி ஏகாதசி விடியலுக்குத் திருவரங்கம் போய்ச் சேரலாம். வடக்கு வாசல் திறக்கும் அந்த விடியலை முப்பத்தொரு மார்கழிகளாக நான் தவறவிட்டதில்லை. வண்டி நிற்கப்போவது ஆற்றங்கரையில்தானே, கோபுரத்தடியில் அல்லவே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு, பட்டுக்கரை வேட்டியைப் பையின் அடியில் மடித்து வைத்தேன்.

பெங்களூரில் நான் செய்த பிழை, கோயிலையன்றி வேறிடம் அறியாத ஒருவன் மட்டுமே செய்யக்கூடியது. காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் புறப்பட்டு, கறுப்புக் கண்ணாடியும் அணிந்து கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தாள். எனக்கோ உச்சிப்பொழுது என்றால் நடை சாத்தும் நேரம். காலையில் போனால் கூட்டம். நண்பகலில் வெளியே நிற்க வேண்டும். நான்கு மணிக்குத் திரும்பத் திறக்கும்போது போனால் வெயிலும் தணிந்திருக்கும், நெரிசலும் இராது. இத்தனை ஆண்டுகளாக அவளை இப்படித்தான் சன்னிதிகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

"கடசி நாளு எப்ப வேணா முடிஞ்சிடுங்க," என்றாள்.

"அஞ்சு மணி வரைக்கும்னு போட்டிருக்கான். சாயங்காலம் போனா நிம்மதியா உக்காந்து பாக்கலாம். வெயில்ல உன் கண்ணுக்கும் ஆவாது."

அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும், முப்பத்தெட்டு ஆண்டுப் பழக்கத்தில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு மைதான வாசலில் ஒரு காவலர் மட்டும் இருந்தார். தருமபுரிப் பக்கத்துக்காரர்; எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார்.

"மேட்ச் ரெண்டு மணிக்கே முடிஞ்சிட்டுது சார். பொட்டி படுக்கையெல்லாம் ஏத்திகினு பஸ்ஸும் போயிட்டுது."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. காவலர்தான் பார்த்திருக்க வேண்டும். "அம்மா, அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வாங்க. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்" என்றார்.

ஆயிரக்கணக்கான வெற்று இருக்கைகளுக்கு நடுவே நாங்கள் இருவர் அமர்ந்தோம். கீழே பணியாளர்கள் ஆடுகளத்துக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமஞ்சனம் முடிந்த சன்னிதியின் ஈர மணம்போல ஒன்று மேலே ஏறி வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லும் தகுதி அன்று எனக்கில்லை என்று அடங்கினேன்.

"புல்லு இவ்ளோ பச்சையா இருக்கும்னு டிவி சொல்லவே இல்ல பாருங்க," என்றாள். என்மீது கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் மைசூர்ச் சாலையில் ஒரு கோபுரம் தென்பட்டது. நான் விரைவைக் குறைக்கவில்லை. "ஒங்க ஆளு வராரு, கும்புட்டுக்குங்க," என்று அவளே எனக்காக நினைவூட்டினாள். அப்போதும்கூட அவள் இழந்தது ஓர் ஆட்டத்தை மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இழந்தது எவ்வளவு என்று காட்டில்தான் தெரிந்தது.

முதுமலையில் வனத்துறை வண்டியில் இருபது பேருடன் போனோம். மூங்கிற் புதர் ஓரம் வண்டி நின்றது. "யானை, யானை!" என்று எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினார்கள். தாயும் குட்டியுமாக இரண்டு, முப்பதடி தொலைவில் மூங்கிலை முறித்துக்கொண்டிருந்தன. அத்தனை பெரிய உருவத்தைக் காணாதவர் இருக்க முடியாது. என் மனைவி நேரே பார்த்தபடி, "எங்கங்க? எங்க?" என்றாள்.

"இதோ, இந்தப் பக்கம்."

அவள் தலையைத் திருப்பினாள்; யானையைத் தாண்டி அப்பால் போய்விட்டாள். திரும்பி வந்தாள், மீண்டும் தாண்டினாள். ஒரு குழாயின் வழியே உலகைத் தேடுவது போலிருந்தது அது. சமையலறையில் தம்ளரைத் தட்டிவிடும்போதெல்லாம் "கவனமா இரேன்" என்று நான் கடிந்துகொண்டது அந்நேரம் நினைவுக்கு வந்து சுட்டது. அவள் மோவாயை இரண்டு விரலால் பற்றி, மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் அவள் மூச்சு நின்றது.

"ம்," என்றாள். "இருக்குது. குட்டி தும்பிக்கையால மண்ணு வாரிப் போட்டுக்குது."

வண்டி கிளம்பும் வரை என் விரல்களை எடுக்கவில்லை.

அன்று மாலை விடுதியில் சொட்டு மருந்தைத் தேடிப் பையைத் துழாவியவள் பட்டுக்கரை வேட்டியோடு நிமிர்ந்தாள்.

"இது எந்த யானையப் பாக்கறதுக்கு?"

நான் சொட்டு மருந்தைத் தேடி எடுத்து நீட்டினேன்.

"நாளன்னைக்கு ஏகாதசி. வூட்டுல காலண்டர் தாள கிழிக்கறது நான்தான? நீங்க திருச்சி வழிய மேப்புல பாத்துகினு இருந்தப்பவே தெரியும்." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "போலாங்க. முப்பத்தொரு வருசம். என்னால விட்டுப்போச்சுன்னு இருக்கக் கூடாது."

"நாளன்னைக்குக் கோயம்புத்தூர்ல ஒரு ஆட்டம் தொடங்குது. காலேஜ் மைதானம். ஒம்பதரைக்கு."

"ஏகாதசியன்னிக்கா? என்ன பேசறீங்க? சாமி கோச்சுக்காதா?"

"நான் பேசிக்கறேன்."

எளிதாகச் சொல்லிவிட்டேனேயொழிய, உள்ளம் எளிதில் அடங்கவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் நண்பர்களிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஓடியவன் நான். ஒருமுறை காய்ச்சலோடும் போயிருக்கிறேன். அந்த வாசலில் நிற்காமல் போனால் என்னுள் ஏதோ அறுந்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த வாசல் அடுத்த மார்கழியிலும் திறக்கும். இவளுக்கு எஞ்சியிருப்பது எத்தனை மார்கழியின் வெளிச்சம் என்பதைச் சொல்ல எந்த மருத்துவரும் இல்லை.

ஏகாதசியன்று கோயம்புத்தூர் விடுதியில் வைகறையில் நீராடி, திருமண் இட்டு, திருவரங்கம் இருக்கும் கிழக்குத் திசை நோக்கி அமர்ந்து, வாசல் திறக்கும் அந்நேரத்துக்குப் பாசுரங்களை ஓதி முடித்தேன். உபவாசம் என்பதால் துளசித் தீர்த்தம் மட்டும் பருகினேன். அந்தப் பட்டுக்கரை வேட்டியையே உடுத்திக்கொண்டேன். எட்டரைக்கெல்லாம் மைதானத்தின் வாசலில் நின்றோம். திறந்ததும் முதலில் நுழைந்தவர்கள் நாங்கள்தாம்.

"நாமம் போட்டுகினு, பட்டினி கெடந்து மேட்ச் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்," என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. மட்டையாளர் அவள் பார்வை வட்டத்துக்குள் நன்றாக நின்றார். கையுறையைச் சரிசெய்வது வரை அவள் எனக்குச் சொன்னாள். மட்டை சுழல்வதும் தெரிந்தது. அடுத்த கணம் பந்து வட்டத்தைவிட்டு வெளியேறிவிடும்.

"எங்க போச்சு?"

"யாரோ எடுத்துட்டாங்க."

"அப்படிச் சொன்னா எப்படிங்க? ரேடியோவுல சொல்றாப்பல சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த வர்ணனை ஒன்றுதான்: திருவடி தொடங்கித் திருமுடி வரை. பந்து வீசுபவர் ஓடத் தொடங்கியதும் நானும் தொடங்கினேன். "வெள்ளைச் செருப்பணிந்த பாதம், முழங்காலில் பச்சைக் கறை, இடையில் செருகிய துண்டு..."

"ஐயே! நீங்க அவரு இடுப்புக்கு வரதுக்குள்ள ஓவரே முடிஞ்சிடும். பந்தச் சொல்லுங்க, பந்த!"

முன்வரிசை மாணவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவள் என் வலக்கையை எடுத்துத் தன் மோவாயில் வைத்தாள். "அன்னிக்கு யானைக்குத் திருப்புனீங்களே, அப்படித் திருப்புங்க. பந்து போற பக்கம்."

சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரத்தின் கையை, உள்ளங்கை அளவுப் பிடியொன்றை அசைத்துத் திருப்பியவன் நான். அதைவிட நுண்ணிய வேலையாக இருந்தது இது. முதல் பந்துகளுக்குப் பிந்தினேன். ஒருமுறை முந்திப்போய் அவளுக்குக் கொடிக்கம்பத்தைக் காட்டினேன். "மட்டையப் பாக்காதீங்க, அவரு தோளப் பாருங்க. தோளு எங்க தொறக்குதோ பந்து அங்கதான் போவும்," என்றாள். நாற்பது ஆண்டு காதால் கற்ற வித்தை அது.

உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு. மட்டையாளரின் தோள் எங்கள் பக்கமாகத் திறந்தது. நான் அவள் முகத்தை இடப்புறமாக, சற்று மேல்நோக்கி உயர்த்தினேன். என் விரல்களின் கீழ் அவள் தாடை இறுகியது.

"வருது," என்றாள். "வருதுங்க. செவப்பா."

பந்து வெயிலில் சுழன்றபடி கயிற்றைத் தாண்டி, எங்களுக்குப் பத்துப் படிகளுக்குக் கீழே விழுந்தது. அது விழும் இடம் வரை அவள் கண்கள் அதைவிட்டு விலகவில்லை.

அவள் எழுந்தாள். கையை உயர்த்தினாள். இரண்டு காலும் தரையில் மோத, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று கூவிக்கொண்டு குதித்தாள்.

இம்முறை நான் கண்களை மூடிக்கொள்ளவில்லை.