ஜெயக்கொடி கண்மாயில் விட்ட ஆகாயத்தாமரை

எழுபதுகளில் தல்லாகுளத்துச் சாலையோரத்தில் பூச்செடி விற்ற பெண்மணி ஜெயக்கொடி. ரோஜாவும் குரோட்டன்ஸும் அவரிடம் உண்டு. ஆயினும், தகரத்தொட்டியில் மிதந்த ஆகாயத்தாமரைக்குத்தான் கிராக்கி மிகுதி. அதற்கு மண் வேண்டாம், உரம் வேண்டாம். கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டால், மயில்தோகைக் கண்போலப் புள்ளியிட்ட இளநீலப் பூவைத் தரும். அலுவலர் வீடுகளில் அதைக் கூடத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள்.

"செத்துப்போயிருமா?" என்று கேட்போரிடம் அவர் பெருமையோடு சொல்வார்: "கொன்னாலும் சாகாது தாயி!"

அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது பின்னரே விளங்கியது.

இலை பழுத்து விலைபோகாத ஆகாயத்தாமரைகளை அவர் குப்பையில் எறியமாட்டார். உயிருள்ள பச்சையைக் குப்பையில் போடுவது பாவம் என்பது அவர் வீட்டு நம்பிக்கை. மாலைப் பேருந்தில் பரவைக்கு அப்பாலுள்ள தம் ஊரில் இறங்கியதும், கண்மாய்ப் படித்துறையில் கூடையைக் கவிழ்த்து, "பொழச்சுக்க" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

அது பிழைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் படித்துறையருகே ஒரு பச்சைத்திட்டு தோன்றியது. ஊரார் பூவைக் கண்டு மகிழ்ந்தனர். தை பிறந்தபோது தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை பச்சைக் கம்பளம்!

ஆண்டுதோறும் பங்குனியில், நீர் வற்றும் சமயத்தில், ஊரே கண்மாயில் இறங்கி மீன்பிடிப்பது வழக்கம். உறவினர்களை அழைப்பார்கள்; பிடித்த மீனை விற்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜெயக்கொடிக்கு அது மானப்பிரச்சினை. மகளைக் காளவாசலில் கட்டிக்கொடுத்திருந்தார். "எங்க கண்மாயில வெரால் துள்ளி மடியில விழுகும், வாங்க மதினி" என்று சம்பந்தி மாயக்காளை அழைத்தும்விட்டார்.

மடை திறந்து அடைக்கும் பொறுப்பிலிருந்தவர் ஜெயக்கொடியின் அண்ணன் வீரணன். அவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்தார். "வலை வீச இடமில்ல. இந்த வருசம் மீன்பிடி கெடையாது. எவன் கொண்டாந்து போட்டானோ!"

"நான்தேண்ணே" என்றார் ஜெயக்கொடி.

"எம்புட்டு போட்ட?"

"மிஞ்சுனதை. ஒரு கூடை, அரைக் கூடை."

"அரைக் கூடையா இம்புட்டாச்சு? ஏத்தா, செடி விக்கச் சொன்னா ஊரையே தோட்டமாக்கிப்புட்டியே!"

கூட்டம் சிரித்தது. வீரணன் தொடர்ந்தார்: "ஒரு வழி இருக்கு. மடையைத் தொறந்து தள்ளிவிட்டா கீழூர்க் கண்மாய்க்குப் போயிரும். அவுங்க பாத்துக்கிருவாக."

எளிய வழிதான். செடியும் ஒழியும், சம்பந்தியும் வருவார். ஆனால் ஜெயக்கொடி குறுக்கிட்டார்.

"வேணாம்ணே. நான் செஞ்சதையே திருப்பிச் செய்யச் சொல்றியா? கரையேத்திக் காயவைப்போம்."

"உன் சம்பந்தி வாரதுக்குள்ள முடியுமா?"

"முடியாட்டி எம் மூஞ்சி கரியாகட்டும். கீழூரு மூஞ்சியில எதுக்குப் பூசணும்?"

மறுநாளே வேலை தொடங்கியது. கையால் பிடுங்கினால், பிடுங்கிய இடத்தில் அடுத்தது மிதந்து வந்தது. சலித்துப்போன வீரணனுக்கு ஒரு யோசனை உதித்தது. வைக்கோலைத் திரித்துத் தொடைப்பருமனில் நீண்ட பிரி செய்தார்கள். அது நீரில் மிதந்தது. கண்மாயின் குறுக்கே அதைக் கிடத்தி, இரு முனைகளிலும் ஏர்மாடுகளைப் பூட்டி, இரு கரைகளிலும் ஓட்டினார்கள். பச்சைக் கம்பளம் சுருண்டு, மடிந்து, மலைபோல் எழுந்து நகர்ந்தது! பின்னால் பளிச்சென்று தண்ணீர்!

"விடாத மாப்ள! இழு, இழு!" என்று கரையெங்கும் கூச்சல். குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்களும் ஓடிவந்தனர். ஜெயக்கொடி இடுப்பளவு நீரில் நின்று, பிரிக்கு அடியில் நழுவிய செடிகளைப் பொறுக்கிக் கரைக்கு எறிந்தார். கரையேறியவை நீருக்கு எட்டாத மேட்டில் வெயிலில் கருகின. மீன்பிடிக்குக் குறித்த நாளுக்கு முன்பே கண்மாய் தெளிந்துவிட்டது.

மாயக்காள் வந்தார். ஊர்ப் பெரியவர் வெள்ளைத்துண்டை வீசியதும் ஊரே பாய்ந்தது. இருபுறமும் திறந்த ஊத்தாக் கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே உள்ளே துழாவிய ஜெயக்கொடியின் கையில் ஏதோ படபடவென்று அடித்தது. விரால்! அதன் பக்கத்திலேயே, கூடைப் பின்னலில் வேரோடு சிக்கிய ஒரு சிறு ஆகாயத்தாமரை.

"மீனைப் பிடிங்க மதினி, போயிரப் போகுது!" என்று அலறினார் மாயக்காள்.

ஜெயக்கொடி முதலில் செடியைப் பிய்த்து மேட்டுக்கு வீசினார். அந்த இடைவெளியில் விரால் கூடையின் மேல்வாயிலிருந்து துள்ளி, அருகில் குனிந்திருந்த மாயக்காளின் மடியிலேயே விழுந்தது.

"ஆத்தாடி!" என்று மீனைச் சேலையோடு அணைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார் சம்பந்தி.

"சொன்னேனா இல்லையா மதினி!" என்றார் ஜெயக்கொடி, மேட்டில் விழுந்த செடியைவிட்டுக் கண்ணெடுக்காமலே.